ரோபோ செய்தது போக மிச்சம்

கேட்கப்பட்ட கேள்வி இது: உணவகம், தங்கும் விடுதி, மருத்துவமனை, முதியோர் இல்லம் என்று சேவைத் துறை முழுக்க ரோபோக்கள் நுழைகின்றன. இதனால் ஆட்களுக்கு வேலை போகுமா? போகாவிட்டாலும், மனிதருக்கு மனிதர் செய்யவேண்டியதை இயந்திரத்திடம் விடுவது சரிதானா?

பதிலுக்குப் போகும் முன் ஒரு காட்சியைக் கொஞ்சம் கிட்டே நின்று பார்த்துவிடலாம். உணவு பரிமாறும் ரோபோ. நெஞ்சு உயரம், நான்கு அடுக்குத் தட்டு, மேலே ஒரு திரை, திரையில் இரண்டு கண்கள். சமையலறை வாசலில் நிற்கிறது. உள்ளிருந்து ஒருவர் வந்து கிண்ணங்களை அடுக்குகிறார், திரையில் மேசை எண்ணைத் தொடுகிறார். அது கிளம்புகிறது. லேசர் கதிரை வீசி வீசிச் சுவரும் மேசைக் காலும் எங்கே இருக்கின்றன என்று அளந்துகொண்டே போகிறது. வழியில் யாராவது நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தால் நின்றுவிடும், வழிவிடச் சொல்லிக் கெஞ்சும். மேசைக்கு ஒரு முழம் தள்ளி நின்று, எந்தத் தட்டில் எடுக்க வேண்டுமோ அந்தத் தட்டின் ஓரத்தில் விளக்கைப் போடும். அதற்குக் கை கிடையாது. ஆகவே சாப்பிட வந்தவர் எழுந்து, கொதிக்கும் கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி, பக்கத்திலிருக்கும் குழந்தைக்கு எட்டாத இடமாகப் பார்த்து வைத்துவிட்டு, ‘எடுத்தாயிற்று’ என்ற பொத்தானை அழுத்துகிறார். ரோபோ திரும்பிப் போய்விடுகிறது.

அடுக்கியது ஊழியர். இறக்கியது வாடிக்கையாளர். சிந்தியிருந்தால் துடைக்கப்போவது இன்னொரு ஊழியர். ரோபோ செய்தது நடை மட்டும்தான். நடை ஒன்றும் லேசான வேலையில்லை, ஒரு ஷிப்ட் முழுக்க நின்று பரிமாறியவரின் குதிகாலைக் கேட்டால் தெரியும். ஆனால் பரிமாறுவது என்ற வேலையில் அது ஒரு துண்டு.

இந்த மாதிரி இயந்திரங்களைக் கட்டடங்களில் நிறுவிக் கொடுக்கும் வேலையில் சில வருடங்கள் இருந்தேன். அங்கே நான் பார்த்த வரை, சேவை ரோபோ எதுவானாலும் ஒரு வேலையை முழுசாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு துண்டை எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடுகிறது. அந்த மிச்சம் யார் தலையில் விழுகிறது என்று பார்த்தால் உங்கள் இரண்டு கேள்விக்கும் சேர்த்தே பதில் கிடைக்கும்.

இதற்கு உலகம் அறிந்த உதாரணம் ஜப்பானின் நாகசாகி மாவட்டத்தில் இருக்கிறது. 2015 ஜூலையில் திறக்கப்பட்ட ஹென் னா ஹோட்டல், ரோபோக்களால் நடத்தப்படும் முதல் ஹோட்டல் என்று பேர் வாங்கியது. வரவேற்பு மேசையில் டைனோசர் உருவத்தில் ஒரு ரோபோ, பெட்டி தூக்க ரோபோ, ஒவ்வோர் அறையிலும் ‘சூரி’ என்ற பேசும் பொம்மை. மூன்றரை வருடம் கழித்து, 2019 தொடக்கத்தில் வந்த செய்தி: இருந்த 243 ரோபோக்களில் பாதிக்கு மேல் ஓய்வு கொடுத்தாகிவிட்டது. காரணங்களைப் படித்தால் சிரிப்பு வரும். விருந்தினர் ஒருவர் விட்ட குறட்டையைப் பேச்சு என்று எடுத்துக்கொண்ட சூரி, ‘மன்னிக்கவும், நீங்கள் சொன்னது புரியவில்லை’ என்று இரவெல்லாம் அவரை எழுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. பெட்டி தூக்கும் ரோபோவால் நூறுக்கும் மேற்பட்ட அறைகளில் ஏறக்குறைய இருபத்து நான்குக்குத்தான் போக முடிந்தது, மழையோ பனியோ பெய்தால் அதுவும் இல்லை. வெளிநாட்டு விருந்தினரின் பாஸ்போர்ட்டை நகல் எடுக்க டைனோசருக்குத் தெரியாது. அதற்கு ஓர் ஆள் உள்ளேயிருந்து வரவேண்டும். ரோபோக்களைப் பழுதுபார்த்தே ஊழியர்களுக்கு வேலை நேரம் நீண்டது.

ஆள் குறைக்க வந்த இயந்திரத்துக்கே ஆள் தேவைப்பட்டது என்று இதைச் சிரித்துவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் பிடிபடுவது வேறு. கட்டடம் மனிதருக்காகக் கட்டியது. வாசல்படி, சரிவு, கம்பளத்தின் மடிப்பு, தானாகத் திறக்காத கதவு, தொடுபொத்தான் உள்ள லிஃப்ட், இவை எதையும் நாம் கவனிப்பதே இல்லை. சக்கரத்தில் ஓடும் இயந்திரத்துக்கு ஒவ்வொன்றும் ஒரு மலை. கண்ணாடித் தடுப்பு இன்னும் மோசம், லேசர் அதை ஊடுருவிப் போய்விடும், ரோபோ அங்கே சுவரே இல்லை என்று நினைக்கும். ஒரு கட்டடத்தில் நாங்கள் கண்ணாடி முழுக்க முழங்கால் உயரத்தில் ஒரு பட்டைத்தாளை ஒட்டிவிட்டு வந்தோம். மறுவாரம் போனால், அசிங்கமாக இருக்கிறது என்று யாரோ துடைத்து எடுத்திருந்தார்கள். தினமும் காலையில் ரோபோ போகும் வழியில் நாற்காலிகளைச் சரியாக நகர்த்தி வைக்கவேண்டியது துப்புரவுப் பணிப்பெண்ணின் வேலையாகிப் போனது. அது அவருடைய பணிப்பட்டியலில் இல்லை, சம்பளத்திலும் இல்லை. விற்பனைக் காகிதத்தில் ‘மிச்சமாகும் மனித நேரம்’ என்று ஒரு வரி இருந்தது. இவர் நேரத்தை அதில் யாரும் கழிக்கவில்லை.

இனி வேலை போகுமா என்ற கணக்கு. 2013-ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஃப்ரேயும் ஆஸ்போர்னும் அமெரிக்க வேலைகளில் 47 சதவீதம் தானியங்கிமயமாகும் அபாயத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். 2016-ல் வளர்ந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஇசிடிக்காகச் செய்யப்பட்ட ஆய்வு 21 நாடுகளில் அதே அபாயத்தைச் சராசரியாக 9 சதவீதம் என்றது. இவ்வளவு பெரிய வித்தியாசம் எங்கிருந்து வந்தது? முதல் ஆய்வு ஒரு தொழிலை முழுசாக எடுத்து இயந்திரமாகுமா ஆகாதா என்று கேட்டது. இரண்டாவது, ஒரே தொழிலுக்குள் ஆளுக்கு ஆள் வேலைகள் வேறுபடுவதைக் கணக்கில் எடுத்தது. மிச்சத்தை எண்ணினால் எண்ணிக்கை இறங்கிவிடுகிறது.

ஏடிஎம் கதையும் இங்கே வழக்கமாக வரும். பொருளாதார ஆய்வாளர் ஜேம்ஸ் பெஸன் காட்டியது: அமெரிக்க நகரங்களில் 1988-ல் ஒரு வங்கிக் கிளைக்கு 20 காசாளர்கள், 2004-ல் 13. ஆனால் கிளை நடத்தும் செலவு குறைந்ததால் கிளைகள் 43 சதவீதம் கூடின, ஆகவே மொத்தக் காசாளர் எண்ணிக்கை சரிந்துவிடவில்லை. ‘பார்த்தீர்களா, பயப்படத் தேவையில்லை’ என்று சொல்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். பிறகு கைப்பேசி வங்கி வந்தது, கிளைக்குப் போகும் தேவையே குறைந்தது, காசாளர் வேலையும் குறைந்தது. இயந்திரம் ஒரு துண்டை எடுக்கும்வரை மிச்சத்துக்கு மதிப்பு கூடும், மிச்சமே தேவையில்லாமல் போகும்போதுதான் வேலை போகும்.

சேவை ரோபோக்களில் பெரும்பாலானவற்றை நான் வேறொரு பெட்டியில் போடுவேன். டேரன் அசெமோக்லு, பாஸ்குவல் ரெஸ்ட்ரெப்போ என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ‘சுமாரான தொழில்நுட்பம்’ என்ற பொருளில் ஒரு கருத்தைச் சொல்கிறார்கள். ஆளை வெளியேற்றும் அளவுக்குத் திறமை இருக்கும், புதிய வேலைகள் பிறக்கும் அளவுக்கு உற்பத்தியைக் கூட்டும் திறமை இருக்காது. கடையில் நாமே ஸ்கேன் செய்து பணம் கட்டும் இயந்திரம் இதற்கு நல்ல உதாரணம். காசாளர் போனார், அவர் செய்த வேலையை நாம் சம்பளம் இல்லாமல் செய்கிறோம். வேகமும் கூடவில்லை, விலையும் குறையவில்லை. பெரிய புரட்சியைவிட இந்தச் சுமார் ரகத்தைத்தான் நான் சந்தேகத்தோடு பார்ப்பேன்.

ஆளே கிடைக்காத இடத்தில் கணக்கு மாறும், அதையும் சொல்லவேண்டும். ஜப்பானில் நூற்றுக்கு இருபத்தொன்பது பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். அங்கே ஸ்கைலார்க் உணவகக் குழுமம் 2022-க்குள் ஏறக்குறைய 3,000 பூனைமுக ரோபோக்களை இறக்கியபோது, காலியாகக் கிடந்த இடத்துக்குத்தான் அவை வந்தன என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. வயதான பரிமாறுநர் ஒருவர் நடையை ரோபோவிடம் விட்டுவிட்டு இன்னும் நாலு வருடம் வேலையில் நீடிக்க முடிந்தால், அதை எதிர்க்க என்னிடம் காரணம் இல்லை. ஆனால் அந்தப் பூனை முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. காதைத் தடவினால் மகிழும், விடாமல் தடவினால் ‘எனக்கு வேலை இருக்கிறது’ என்று முகம் சுளிக்கும். அழகுக்காக மட்டும் வைத்த முகமில்லை இது. தடுமாறும் இயந்திரத்தை மனிதர் திட்டுவார், தடுமாறும் பூனைக்குட்டிக்கு எழுந்துபோய் உதவுவார். நாம் எழுந்து கிண்ணத்தை இறக்குவது முகத்தை வரைந்தவரின் கணக்கில் முன்பே இருந்தது.

முதியோர் பராமரிப்புக்கு வருவோம், இங்கேதான் விஷயம் கனமாகிறது. ஜேம்ஸ் ரைட் என்ற மானுடவியல் ஆய்வாளர் ஜப்பானிய முதியோர் இல்லம் ஒன்றில் மூன்று ரோபோக்கள் வந்திறங்குவதைக் கூடவே இருந்து கவனித்தார். ஆளைத் தூக்க ‘ஹக்’, கொஞ்சி விளையாட ‘பாரோ’, உடற்பயிற்சி நடத்த ‘பெப்பர்’. தூக்கும் இயந்திரத்தை ஊழியர்கள் சில நாளிலேயே ஓரங்கட்டினார்கள். அறைக்கு அறை அதை உருட்டிக்கொண்டு போய், முதியவரை அதில் பொருத்தி, கழற்றி, அடுத்த அறைக்குத் தள்ளுவதற்குள் அவரோடு இரண்டு வார்த்தை பேசும் நேரம் போய்விடுகிறது. பெப்பர் கையைத் தூக்கச் சொன்னால் யாரும் தூக்குவதில்லை, பக்கத்தில் ஓர் ஊழியர் நின்று தானும் தூக்கிக் காட்டவேண்டும். முதியவரைத் தொட்டுத் தூக்கும் நேரம் குறைந்தது, இயந்திரத்தைக் கழுவிச் சார்ஜ் போட்டு மேய்க்கும் நேரம் கூடியது.

பாரோ கொஞ்சம் தனி வழக்கு. வெள்ளை ரோமம் போர்த்திய கடல்நாய்க்குட்டி (சீல்) பொம்மை, ஜப்பானிய ஆய்வாளர் டகானோரி ஷிபாடா உருவாக்கியது. தடவினால் கண் சிமிட்டி முனகும். அமெரிக்காவில் 2009-ல் மருத்துவச் சாதனமாகவே அங்கீகாரம் பெற்றது. மறதிநோய் முற்றிய ஒருவர் அதை மடியில் வைத்துக்கொண்டு அமைதியாகிறார். உயிருள்ளது என்று அவர் நம்பினால் அது ஏமாற்றா? தத்துவ அறிஞர் ராபர்ட் ஸ்பாரோ 2002-லேயே ஆம் என்றார்: இல்லாத அன்பை இருப்பதாக நம்பவைத்துத்தான் இந்தப் பொம்மைகள் வேலை செய்கின்றன. பிரிட்டனில் 2010-ல் வகுத்த ரோபோக் கொள்கைகளும், பலவீனமானவர்களைச் சுரண்டும்படி ஏமாற்றாக ரோபோவை வடிவமைக்கக் கூடாது, அது இயந்திரம் என்பது வெளிப்படையாகத் தெரியவேண்டும் என்கின்றன.

எனக்கு இதில் பாதி உடன்பாடு. குழந்தையின் கையில் பொம்மையைக் கொடுப்பதை நாம் ஏமாற்று என்பதில்லை, கொடுத்துவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு போனால்தான் குற்றம். பாரோவை மடியில் வைத்துவிட்டு ஊழியரும் பக்கத்தில் உட்கார்ந்தால், அது பேச்சைத் தொடங்க ஒரு சாக்கு. பாரோ இருக்கிறதே என்று ஊழியரைக் குறைத்தால் கதை வேறு. பொம்மையை ஆராய்ந்து இதற்கு விடை கிடைக்காது. அந்த இல்லத்தின் பணி அட்டவணையை எடுத்து, இரவு ஷிப்டில் எத்தனை பேர் என்று பார்க்கவேண்டும்.

மிச்சம் ஊழியர் தலையில் விழலாம், வாடிக்கையாளர் தலையில் விழலாம் என்று பார்த்தோம். மூன்றாவது இடம் ஒன்று இருக்கிறது, அது கண்ணுக்கே தெரியாது. அமெரிக்காவின் பெர்க்லி நகரத்தில் மாணவர்களுக்கு உணவு கொண்டுபோன கிவி நிறுவனத்தின் குட்டி ரோபோக்களைப் பார்த்தவர்கள் அவை தாமாகவே ஓடுவதாக நினைத்தார்கள். 2019-ல் வெளிவந்த செய்தியின்படி, கொலம்பியாவில் உட்கார்ந்திருந்த ஆட்கள் சில நொடிகளுக்கொரு முறை அடுத்து எங்கே போகவேண்டும் என்று வழிகாட்டிக்கொண்டிருந்தார்கள். மணிக்கு இரண்டு டாலருக்கும் குறைவான கூலி. டெலிவரி செய்யும் ஆள் காணாமல் போகவில்லை. கூலி குறைந்த நாட்டுக்கு, பெயரும் முகமும் இல்லாத இடத்துக்கு நகர்ந்திருக்கிறார்.

இதே நுட்பத்தை அப்படியே வைத்துக்கொண்டு டோக்கியோவுக்குப் போங்கள். நிஹோன்பாஷி பகுதியில் 2021 ஜூனில் நிரந்தரமாகத் திறக்கப்பட்ட ‘டான்’ என்ற கஃபேயிலும் ரோபோ பரிமாறுகிறது, அதையும் தூரத்திலிருந்து ஓர் ஆள்தான் இயக்குகிறார். ஆனால் அந்த ஆள் யார் என்பது ஒளிக்கப்படுவதில்லை, அந்தக் கஃபேயின் பெருமையே அதுதான். தசைச் சிதைவு நோயாலும் முதுகுத்தண்டுக் காயத்தாலும் வீட்டைவிட்டு வெளியே வரமுடியாதவர்கள் படுத்த படுக்கையில் இருந்து, சிலர் கண் அசைவால் மட்டுமே, ‘ஒரிஹிமே’ ரோபோவை நடத்துகிறார்கள். இன்று உங்களுக்குப் பரிமாறுபவர் இன்னார் என்று அறிமுகம் உண்டு. அவர்களுக்குச் சம்பளம் உண்டு. அவர்கள் வாடிக்கையாளரோடு அரட்டை அடிக்கலாம், அடிக்கிறார்கள். கேமரா, மோட்டார், இணையம் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். ஓரிடத்தில் ரோபோ ஆளை மறைக்கிறது, இன்னோரிடத்தில் ஆளுக்கு உடம்பாகிறது. ரோபோ நல்லதா கெட்டதா என்று கேட்பவர்களை இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வேன்.

நான்காவதாக, ரோபோவோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவர் தலையிலும் விழும். 2019 அக்டோபரில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் அருகே சக்கர நாற்காலியில் சாலையைக் கடந்த மாணவி ஒருவர், எதிர்ப்புறம் நடைபாதையில் ஏறும் சரிவில் டெலிவரி ரோபோ ஒன்று அசையாமல் நிற்பதைக் கண்டார். சிக்னல் மாறப்போகிறது, ஏற வேறு வழியில்லை. அவர் அதை வெளியில் சொன்னதும் பல்கலைக்கழகம் சோதனையை நிறுத்திவைத்தது. படியில் ஏறமுடியாத ரோபோவுக்கும் அவருக்கும் தேவைப்பட்டது ஒரே சரிவு. அது யாருக்காகப் போராடி வாங்கப்பட்டது என்பது ரோபோவின் வரைபடத்தில் இல்லை. 2017-ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் விலங்கு நல அமைப்பு ஒன்று தன் கட்டடத்தைச் சுற்றிக் காவல் ரோபோவை ஓடவிட்டது. நடைபாதையில் கூடாரம் போட்டு வாழ்ந்த வீடற்றவர்களை விரட்டத்தான் அது என்று எதிர்ப்பு கிளம்பி, அனுமதி இல்லாமல் நடைபாதையில் ஓட்டினால் அபராதம் என்றது நகர நிர்வாகம். யாரோ அதன் சென்சாரில் சாஸைப் பூசிவிட்டார்களாம். காவலாளியிடம் ‘ஐயா, இன்று ஒரு இரவு’ என்று கேட்டுப் பார்க்கலாம். இதனிடம் கேட்க என்ன வழி?

கேமரா விஷயத்தை நீட்டவில்லை, ஒரு சம்பவம் போதும். வீடு பெருக்கும் ரூம்பா ரோபோவின் சோதனைப் பதிப்புகள் எடுத்த படங்கள், கழிவறையில் அமர்ந்திருந்த ஒரு பெண்ணின் படம் உட்பட, சமூக ஊடகக் குழுக்களில் உலவியதை 2022 டிசம்பரில் ஒரு பத்திரிகை வெளிக்கொண்டுவந்தது. படங்களை வகைப்படுத்தும் கூலி வேலை செய்தவர்களிடமிருந்து கசிந்தவை. சோதனைக்குச் சம்மதித்தவர்கள்தான் என்று நிறுவனம் சொன்னது. தன் வீட்டுப் படத்தை வேறொரு கண்டத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்து பார்ப்பார் என்று தெரிந்தா சம்மதித்தார்கள் என்பதுதான் கேள்வி.

தவறு நடந்தால் பொறுப்பு யாருடையது என்பதில் சட்டம் பரவாயில்லை, தெளிவாகத்தான் இருக்கிறது. ஏர் கனடாவின் இணைய உரையாடல் நிரல் ஒரு பயணிக்குத் தவறான கட்டணச் சலுகையைச் சொல்லிவிட்டது. வழக்கு வந்தபோது, அந்த நிரல் தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனிப் பிறவி என்கிற மாதிரி நிறுவனம் வாதாடியது. 2024 பிப்ரவரியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம் அதை ஏற்காமல் பயணிக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னது. சின்னத் தொகை, பெரிய திறப்பு: ‘நான் இல்லை, ரோபோ செய்தது’ என்ற சாக்கு அங்கே செல்லவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் ஊழியரின் உணர்ச்சியை அளக்கும் கருவிகளைப் பணியிடத்தில் 2025 பிப்ரவரி முதல் தடைசெய்திருக்கிறது, மருத்துவம், பாதுகாப்புக் காரணங்கள் மட்டும் விதிவிலக்கு. வாடிக்கையாளரின் முகத்தைப் படிப்பது இந்தத் தடைக்குள் வராது.

எனக்குப் பிடித்த ஏற்பாடு சட்டமன்றத்திலிருந்து வரவில்லை, லாஸ் வேகாஸ் ஹோட்டல் தொழிலாளர் சங்கத்திடமிருந்து வந்தது. அறை சுத்தம் செய்பவர், சமையல்காரர், பரிமாறுநர், மது கலப்பவர் எல்லாரும் உறுப்பினர். 2018-லேயே புதிய தொழில்நுட்பம் வருமுன் அறிவிப்பு, பயிற்சி என்று ஒப்பந்தத்தில் சேர்த்தார்கள். 2023 நவம்பரில், வேலைநிறுத்தத்தின் விளிம்புவரை போய், இயந்திரத்தாலோ செயற்கை நுண்ணறிவாலோ வேலை போனால் பணிசெய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 2,000 டாலர் என்று எழுதி வாங்கினார்கள். ரோபோ வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. விலைப்பட்டியலில் ஒரு வரியைச் சேர்த்தார்கள். துப்புரவுப் பணிப்பெண் நகர்த்திய நாற்காலிகளுக்கும் இப்படி ஒரு வரி இருந்திருக்கவேண்டும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

மனிதர் மனிதருக்குச் செய்யவேண்டியது எது என்ற உங்கள் கடைசிப் பகுதிக்கு என்னிடம் பொது விதி இல்லை, ஒரு சம்பவம் இருக்கிறது. 2019 மார்ச், கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரம், தீவிர சிகிச்சைப் பிரிவு. 78 வயது முதியவர், பக்கத்தில் பேத்தி. நர்ஸ் ஒருவருடன் சக்கரம் வைத்த ரோபோ ஒன்று உருண்டு உள்ளே வருகிறது. தலை இருக்கவேண்டிய இடத்தில் திரை, திரையில் ஒரு மருத்துவர். உண்மையான மருத்துவர்தான், எங்கோ ஓர் அறையிலிருந்து பேசுகிறார். நுரையீரலுக்கு இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்கிறார். முதியவருக்கு வலது காது சரியாகக் கேட்காது. கட்டிலைச் சுற்றி மறுபக்கம் போக அந்த இயந்திரத்துக்கு இடமில்லை. திரை சொன்னதைத் தாத்தாவுக்குத் திருப்பிச் சொன்னது பேத்திதான்.